ஒரு கணினி, நாலு பேர், நாலு அஞ்சல் பெட்டி

கணினிப் பக்கம்



நம்மில் பலர் வீட்டில் கணினி ஒன்றுதான் இருக்கும். பயன்படுத்துகிறவர்கள் மூணு பேர், நாலு பேர். அப்பா வேலை விஷயமாகக் கடிதம் பார்ப்பார். அம்மா மின்கட்டண ரசீது எடுப்பார். பிளஸ் டூ படிக்கிற அக்கா கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவாள். ஒன்பதாவது படிக்கிற தம்பி பாடத்துக்குப் படம் தேடுவான், நடுவில் விளையாட்டும் உண்டு. இந்த நாலு பேரின் மின்னஞ்சலும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க என்ன செய்யணும்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

"ஆளுக்கு ஒரு ஜிமெயில் கணக்கு திறந்தாச்சு, கடவுச்சொல்லும் வேற வேற. அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். அது மட்டும் போதாது நண்பர்களே. ஏன் என்று பாருங்க.

மின்னஞ்சல் ஒரு சாவிக்கொத்து

மின்னஞ்சல் வெறும் கடிதப் பெட்டி இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணைய வழியில் நடக்கிறது. பதிவு செய்யும்போதே மின்னஞ்சல் முகவரியும் செல்பேசி எண்ணும் கேட்பார்கள். இன்னும் பல விண்ணப்பங்களுக்கும் இதே கதைதான். எந்தத் தளத்திலாவது கடவுச்சொல்லை மறந்துவிட்டால் "மறந்துவிட்டேன்" என்பதைச் சொடுக்குகிறோம். புதுக் கடவுச்சொல் வைப்பதற்கான இணைப்பு எங்கே வருகிறது? நம் மின்னஞ்சலுக்குத்தான்!

அப்படியானால் நம் மின்னஞ்சலைத் திறக்க முடிந்தவர் நம்முடைய மற்ற கணக்குகளில் பலவற்றையும் திறந்துவிடலாம். கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. அக்காவின் அஞ்சல் பெட்டி திறந்தபடி இருக்க, தம்பி "ஏதோ விளம்பரம் போல" என்று ஒரு கடிதத்தை அழித்துவிட்டால்? கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு கிடைத்தபின் குறித்த நாட்களுக்குள் உறுதி செய்தாக வேண்டும். நாள் தவறினால் கையில் கிடைத்த இடம் போய்விடும். ஒரு வருடப் படிப்பு ஒரு சொடுக்கில் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்.

உங்களுக்குத் தெரியுமா?

கடவுச்சொல் என்ற ஏற்பாடு கணினிக்குள் வந்ததே, பல பேர் ஒரே கணினியைப் பங்கு போட்டுக்கொண்டதால்தான்!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க!) 1961-இல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்து காட்டினார்கள். ஒரு பெரிய கணினி. அதோடு இணைந்த பல முனையங்கள். பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் இருக்க, ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

1965-இல் அதே கணினியில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி விட்டுச் செல்லும் வசதியும் வந்தது. அதுவும் மின்னஞ்சல்தான். ஆனால் அந்த ஒரே கணினிக்குள் மட்டும். ஒரு கணினியிலிருந்து வேறு கணினியில் இருக்கும் ஆளுக்குக் கடிதம் அனுப்பும் வழியை 1971-இல் செய்தவர் ரே டாம்லின்சன். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. @ குறிக்கு இடப்பக்கம் "யார்", வலப்பக்கம் "எங்கே". ஒரே இடத்தில் பல பேர் இருக்கலாம் என்பது முகவரியிலேயே இருக்கிறது பாருங்க.

அதே சி.டி.எஸ்.எஸ்.ஸில் 1960-களில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒருநாள் கணினிக்குள் நுழைந்த எல்லாருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் திரையில் ஓடின! காரணம் என்ன? கோப்புகளைத் திருத்தும் நிரல், ஒரு கோப்புறையில் ஒரே ஆள்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்புக்கு அது எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். அன்று நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்புறையில் உட்கார்ந்து, ஒருவர் வரவேற்புச் செய்தியையும் மற்றவர் கடவுச்சொல் பட்டியலையும் திருத்தினார்கள். இரண்டும் இடம் மாறிவிட்டன. கோர்பட்டோ தமக்கு 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தபோது ஆற்றிய உரையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதில் நமக்குப் பாடம்: ஒருவருக்கென்று செய்த இடத்தில் இருவர் புழங்கினால், யாரும் தப்பு செய்யாமலே தப்பு நடக்கும்.

மூன்று சுவர்கள்

ஒரு காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு. வீட்டுக்குள் தனி அறை. அறைக்குள் தனிப் பீரோ. மின்னஞ்சலுக்கும் அப்படி மூன்று சுவர்கள் உண்டு.

1. கணினிக் கணக்கு. கணினியைப் போட்டதும் கேட்கும் பெயரும் கடவுச்சொல்லும். (வீட்டுக் கதவு)

2. உலாவியின் சுயவிவரம். க்ரோம், ஃபயர்பாக்ஸ் போன்றவற்றுக்குள் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது. (அறை)

3. மின்னஞ்சல் கணக்கு. (பீரோ)

பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது சுவர் மட்டும்தான் இருக்கும். முதல் இரண்டும் பொது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏன் என்றால், நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் அஞ்சல் தளம் ஒரு சிறு அடையாளச் சீட்டைக் கொடுத்து உலாவியில் வைக்கிறது. அதன் பெயர் குக்கீ. கோயில் திருவிழாவில் கையில் முத்திரை குத்துகிற மாதிரி. அடுத்த தடவை உலாவி அந்தச் சீட்டைக் காட்டும். தளம் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். சன்னலை மூடினாலும், கணினியையே அணைத்தாலும் அந்தச் சீட்டு அழியாமல் இருக்கலாம். ஆகவே அக்கா எழுந்து போனபின் தம்பி வந்து ஜிமெயில் என்று தட்டினால், அக்காவின் பெட்டிதான் திறக்கும். தளத்துக்குத் தெரிந்தது அந்தச் சீட்டு மட்டும்தான்; நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது!

முதல் சுவர்: கணினியில் ஆளுக்கு ஒரு கணக்கு

மூன்றில் இதுதான் பலமான சுவர். விண்டோஸ் 11 இருந்தால் இப்படிச் செய்யுங்க:

1. அமைப்புகள் பகுதியைத் திறந்து "கணக்குகள்" என்பதற்குப் போங்க.

2. அதில் "பிற பயனர்கள்" என்பதைத் தேர்ந்து, "கணக்கைச் சேர்" என்பதைச் சொடுக்குங்க.

3. மைக்ரோசாஃப்ட் முகவரி கேட்கும். அது இல்லாதவருக்கு, "இவருடைய உள்நுழைவு விவரம் என்னிடம் இல்லை" என்பதைத் தேர்ந்து, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனராகச் சேர்க்கலாம்.

4. பெயர், கடவுச்சொல் கொடுத்து முடியுங்க.

கணக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிர்வாகி; மற்றது சாதாரணப் பயனர். நிர்வாகியாக அப்பாவோ அம்மாவோ ஒருவர் போதும். மற்றவர்கள் சாதாரணப் பயனராக இருக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தம்பி எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டு கணினி முழுவதையும் மாற்றப் பார்த்தால், நிர்வாகியின் கடவுச்சொல்லை விண்டோஸ் கேட்கும்.

இப்படிச் செய்ததும் ஆளுக்கு ஒரு கோப்புறை தானாக உருவாகும். ஆவணங்கள், படங்கள், உலாவியின் குக்கீகள் எல்லாம் அவரவர் கோப்புறைக்குள் போய்விடும். சாதாரணப் பயனர் ஒருவர் இன்னொருவர் கோப்புறைக்குள் நுழைய முடியாது. எல்லாருக்கும் வேண்டிய குடும்பப் படங்களுக்குப் பொதுக் கோப்புறை இருக்கிறது.

லினக்ஸிலும் இதே ஏற்பாடுதான். அதன் முன்னோடியான யூனிக்ஸ் தொடக்க காலத்திலேயே பல பேர் பங்கிடும் கணினிக்காக வளர்க்கப்பட்டது. பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருப்பவர்களும் தயங்காமல் ஆளுக்கு ஒரு கணக்கு திறக்கலாம்.

ஒரு முக்கியப் பழக்கம்: சாப்பிடக் கூப்பிட்டால் அப்படியே எழுந்து ஓடாதீங்க! விண்டோஸ் விசையோடு "எல்" எழுத்தைச் சேர்த்து அழுத்துங்க. திரை பூட்டிக்கொள்ளும். நீங்கள் திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும். தம்பி தன் கணக்கில் நுழைந்து வேலை செய்யலாம். ஒரு நொடி வேலை, ஒரு வீட்டுச் சண்டை மிச்சம்!

இரண்டாம் சுவர்: உலாவியின் சுயவிவரம்

சில வீடுகளில், "கணினிக்கு ஒரே கணக்குதான், மாற்ற வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்லலாம். அப்போது உலாவியிலாவது பிரித்துக்கொள்ளலாம். க்ரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைச் சொடுக்கினால் புதுச் சுயவிவரம் சேர்க்கும் வழி வரும். அப்பாவுக்கு நீலம், அக்காவுக்குப் பச்சை என்று நிறமும் வைக்கலாம். குக்கீகள், புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் தனித்தனியாகிவிடும். ஃபயர்பாக்ஸிலும் சுயவிவரங்கள் உண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தச் சுவர் திரைச்சீலை மாதிரி. கலப்பைத் தடுக்கும், திருட்டைத் தடுக்காது. தம்பி நினைத்தால் அக்காவின் பச்சை வட்டத்தைச் சொடுக்கி உள்ளே போய்விடலாம். சேமித்த கடவுச்சொல்லைக் காட்டச் சொன்னால் க்ரோம் விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்கும். அதுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமே!

இது புதுக் குறையும் இல்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற அஞ்சல் மென்பொருள் வந்தது. அதில் "அடையாளங்கள்" என்ற பெயரில் ஆளுக்கு ஒரு அஞ்சல் பெட்டி வைத்துக் கடவுச்சொல்லும் போடலாம். ஆனால் எல்லாருடைய கடிதக் கோப்புகளும் ஒரே விண்டோஸ் கணக்கின் கோப்புறைக்குள்தான் கிடந்தன. கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதை. ஆகவே முடிந்தவரை முதல் சுவரையே கட்டுங்க.

அப்புறம், ஒரே சுயவிவரத்தில் "இன்னொரு கணக்கைச் சேர்" என்று நாலு பேரின் ஜிமெயிலையும் அடுக்கி வைப்பது வேண்டவே வேண்டாம். அது ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு இருந்தால் உதவும் வசதி. நாலு பேருக்கு என்றால், அப்பா பெயரில் தம்பி கடிதம் அனுப்பிவிடுவான், யாருக்கும் தெரியாது.

மூன்றாம் சுவர்: அஞ்சல் கணக்கு

கணக்கு திறக்கும்போது கவனிக்க வேண்டியவை:

பெயர்: விண்ணப்பத்தில் எழுதினால் கூச்சப்படாத பெயராக இருக்கட்டும். "சிங்கக்குட்டி" என்று இன்று வைத்தால் நாளை நேர்முகத் தேர்வில் நெளிய வேண்டிவரும். ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வைக்கும் புள்ளிகளுக்கு மதிப்பில்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். ஆகவே அக்காவுக்கும் தங்கைக்கும் புள்ளியை மட்டும் மாற்றி இரண்டு முகவரி எடுக்க முடியாது.

வயது: கூகுள் கணக்கைத் தானாகத் திறக்க நம் நாட்டில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர்தான் திறந்து மேற்பார்வை செய்ய வேண்டும்.

மீட்பு எண்: இதுதான் உயிர்நாடி! கடவுச்சொல் மறந்தால் இந்த எண்ணுக்கு அல்லது மீட்பு மின்னஞ்சலுக்குத்தான் குறியீடு வரும். பிரவுசிங் சென்டரில் அவசரமாகக் கணக்கு திறக்கும்போது கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு நம் வீட்டுச் சாவி அவர் கையில். உங்கள் எண், இல்லையென்றால் பெற்றோர் எண் மட்டும் கொடுங்க. வீட்டில் ஒரே செல்பேசிதான் என்றால் அதே எண்ணை இரண்டு மூன்று பேரின் கணக்குக்கும் கொடுக்கலாம். எண் மாறினால் அன்றைக்கே கணக்கிலும் மாற்றிவிடுங்க.

பயன்பாடு: இரண்டு ஆண்டுகள் எட்டியே பார்க்காத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. பத்தாவதில் திறந்த கணக்கைப் பிளஸ் டூ முடிந்து தேடினால் இல்லாமல் போகலாம். அவ்வப்போது உள்ளே போய்வாருங்க.

தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கடிதங்களை இறக்க பாப், ஐமேப் என்று இரண்டு முறைகள் உண்டு. பாப் முறை கடிதத்தைக் கணினிக்கு இறக்கும். "வழங்கியில் நகலை வை" என்று சொல்லாவிட்டால் அங்கே அழித்தும்விடலாம். ஐமேப் முறையில் மூலக் கடிதம் வழங்கியிலேயே இருக்கும். பங்கிடும் கணினிக்கு ஐமேப்தான் பாதுகாப்பு. பொதுக் கணினி கெட்டுப்போனாலும் கடிதம் போகாது. நாலு பேர் பெட்டியையும் ஒரே தண்டர்பேர்டில் சேர்த்தால் திறப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதையும் மறக்காதீங்க.

பள்ளி ஆய்வகத்திலும் பிரவுசிங் சென்டரிலும்

அங்கே நாம் சுவர் கட்ட முடியாது. வந்த தடயத்தை அழித்துவிட்டு வருவதுதான் வழி.

1. உலாவியில் விருந்தினர் முறையையோ மறைநிலைச் சன்னலையோ திறந்து வேலை செய்யுங்க.

2. "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்க.

3. முடித்ததும் முதலில் வெளியேறுங்க. பிறகு எல்லாச் சன்னல்களையும் மூடுங்க.

4. இறக்கிய கோப்பு மறைநிலையிலும் அழியாது! மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், புகைப்படம் எதை இறக்கினாலும் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்க.

5. வெளியேறினோமா என்று வீட்டுக்கு வந்தபின் சந்தேகமா? கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "உங்கள் சாதனங்கள்" என்ற பட்டியல் இருக்கும். அங்கிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றலாம்.

மறைநிலை என்றால் மாயமறைவு என்று நினைக்காதீங்க. தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் திருட்டு நிரல் அந்தக் கணினியில் இருந்தால் மறைநிலை அதைத் தடுக்காது. வங்கி வேலைகளைப் பொதுக் கணினியில் செய்யாமல் இருப்பதே நல்லது.

கேட்கப்படும் கேள்விகள்

"ஒரே வீட்டுக்குள்ள எதுக்குப் பூட்டு? நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இருப்பதால்தான் பூட்டு. முன்பெல்லாம் தபால்காரர் கொண்டுவரும் உறையில் அண்ணன் பெயர் இருந்தால் அவர் வரும்வரை மேசையில் வைத்திருப்பார்கள். யாரும் பிரிக்க மாட்டார்கள். அது மரியாதை. அந்த மரியாதை மின்னஞ்சலுக்கும் உண்டு. அதோடு, கடிதம் காணாமல் போனால் "நீதான் அழிச்ச" என்ற பழியும் யார் மேலும் வராது.

"சின்னப் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கா? பெற்றோர் பார்க்க வேண்டாமா?"

கட்டாயம் பார்க்கலாம். ஒளிந்து பார்க்காமல், "நான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பார்ப்பது நல்லது. தனிக் கணக்கு இருந்தால் அந்தக் கண்காணிப்பும் சுலபம்.

"கடவுச்சொல்லை எங்கேயும் எழுதக் கூடாதாமே?"

கணினித் திரையில் ஒட்டக்கூடாது. ஒரு நோட்டில் எழுதி அம்மாவின் பீரோவில் வைத்தால் தப்பில்லை. மறந்துபோகும் என்று பயந்து எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதுதான் பெரிய தப்பு.

"விளையாட்டுக்கு நண்பன் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தா என்ன?"

அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையின்றியோ பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-சி பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விளையாட்டு வினையாகும்!

இன்றே செய்து பார்க்க

கீழே உள்ள ஐந்து கேள்விகளை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது படித்துக் காட்டுங்க.

1. நம் கணினியில் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கிறதா?

2. நிர்வாகி யார் என்று எல்லாருக்கும் தெரியுமா?

3. இப்போது ஜிமெயில் திறந்தால் யாருடைய பெட்டி வருகிறது?

4. ஒவ்வொருவர் கணக்கிலும் உள்ள மீட்பு எண் இன்று நம் கையில் இருக்கும் எண்தானா?

5. இந்த ஆண்டு விண்ணப்பம் போடப்போகிறவர் யார்? அவர் முகவரியை வேறு யாராவது திறக்க முடியுமா?

ஐந்தாவது கேள்விக்கு "முடியும்" என்று பதில் வந்தால், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்க. மற்றதை ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் செய்யலாம். பிளஸ் டூ அண்ணன்களும் அக்காக்களும் கலந்தாய்வுப் பதிவு தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டுக்குக் கணினி ஒன்று. ஆளுக்குப் பூட்டு ஒன்று!